எமுலேட்டர் ஒன்று, இயங்குதளம் பல: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு இயந்திரத்தை, உதாரணமாகப் பழைய விளையாட்டுக் கன்சோலை, இன்னொரு கணினியில் அப்படியே நடித்துக்காட்டும் நிரல்தான் எமுலேட்டர். நாமே எழுதிய எமுலேட்டரில் ஒரு விளையாட்டின் தொடக்கத் திரை முதன்முதலாக வந்து நிற்கும் நொடிக்கு ஈடு இணை கிடையாது. அதைப் பார்த்த கையோடு யாராவது கேட்டுவிடுவார்கள்: "இது என் போனில் ஓடுமா?" ஓட வைத்துவிடலாம் என்று உட்காரும்போதுதான் தெரியும், திரை வரையும் நிரலும் ப்ராசஸரைப் போலச் செய்யும் நிரலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. ஒரு நூலை இழுத்தால் துணியே கையோடு வருகிறது.

அந்த நிலை வராமல் எழுதுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். உங்களுக்கு சி அல்லது சி++ ஓரளவு தெரியும், எமுலேட்டர் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள் அல்லது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் நின்டெண்டோவின் நெஸ் கன்சோலிலிருந்தே எடுக்கிறேன். 1983-இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்தது அது. அதைப் பற்றிய விவரங்கள் நிறையக் கிடைக்கின்றன, கற்றுக்கொள்ள ஏற்ற அளவிலும் இருக்கிறது.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே கருத்துதான் ஓடுகிறது. எமுலேட்டரின் நடுப்பகுதிக்கு, தான் எந்தக் கணினியில் ஓடுகிறோம் என்பதே தெரியக் கூடாது.

படி 1: சின்ன இயந்திரத்தில் கை பழகுங்கள்

இதுவரை எமுலேட்டரே எழுதியதில்லை என்றால் சிப்-8-இல் தொடங்குங்கள். 1970-களின் சிறு கணினிகளுக்காக உருவான மெய்நிகர் இயந்திரம் அது. 64-க்கு 32 புள்ளிகள் கொண்ட திரை, 4 கிலோபைட் நினைவகம், 16 ரெஜிஸ்டர்கள், 35 கட்டளைகள், அவ்வளவுதான். சில நாட்களில் எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் முடித்ததும் அடுத்த கன்சோலுக்குத் தாவ வேண்டாம். அந்தச் சின்ன எமுலேட்டரையே இன்னும் இரண்டு இடங்களில் ஓட வையுங்கள்: ஒன்று வேறொரு இயங்குதளம், இன்னொன்று பிரவுசர். கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதியை இங்கேயே, சில நூறு வரி நிரலுக்குள்ளேயே சந்தித்துவிடுவீர்கள். முப்பதாயிரம் வரி ஆன பிறகு சந்திப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 2: நடுவில் ஒரு சுவர் எழுப்புங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். மற்றவற்றில் தவறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

எமுலேட்டரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கோர்: ப்ராசஸர், வீடியோ சிப், ஒலி சிப், கேட்ரிட்ஜ், இவற்றைப் போல நடந்துகொள்ளும் பகுதி. மறுபக்கம் ஃப்ரன்ட்எண்ட், அதாவது முகப்பு: விண்டோ திறப்பது, கோப்பைப் படிப்பது, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவது, கீபோர்டைப் பார்ப்பது. முகப்பு கோரைக் கூப்பிடலாம். கோர் முகப்பை ஒருபோதும் தேடிப் போகக் கூடாது.

கோருக்கு உள்ளே இருக்கக் கூடாதவை எவை? கோப்பு திறக்கும் வரி கூடாது. மணி பார்க்கும் வரி கூடாது. தூங்கும் வரி, த்ரெட் உருவாக்கும் வரி, திரையில் எழுதும் வரி எதுவும் கூடாது. இயங்குதளத்தின் ஹெட்டர் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. "இந்த ஒரு இடத்தில் மட்டும்" என்று ஆரம்பிக்கும் விதிவிலக்குதான் ஆறு மாதம் கழித்து முப்பது இடங்களில் இருக்கும்.

கோர் வெளியே காட்டும் வாசல்கள் ஐந்து போதும். உருவாக்கு. இந்த பைட்டுகளை ரோமாக, அதாவது விளையாட்டு கேட்ரிட்ஜின் நகலாக, ஏற்று. இந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டிருக்கின்றன, ஒரு ஃப்ரேம் (திரையின் ஒரு முழுப் படம்) ஓட்டு. உன் நிலையை பைட்டுகளாகக் கொடு. இந்த நிலைக்குத் திரும்பு. ஒரு ஃப்ரேம் ஓடி முடிந்ததும் கோர் இரண்டு பொருள்களை விட்டுவைக்கும்: நெஸ்ஸுக்கு 256-க்கு 240 என்ற அளவில் ஒரு பிக்சல் அட்டவணை, அந்த ஃப்ரேமுக்கான ஒலி மாதிரிகள்.

"ஒரு ஃப்ரேம் ஓட்டு" என்பதில் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டு, அதற்குள் கட்டளையை ஓட்டி, படம் வரைந்து, கீபோர்டைப் பார்ப்பார்கள். மேசைக் கணினியில் அது நன்றாகவே ஓடும். பிரவுசரில் ஓடாது. அங்கே உங்கள் ஃபங்ஷன் வேலையை முடித்துத் திரும்பினால்தான் பிரவுசர் படத்தையே திரையில் காட்டும். திரும்பாவிட்டால் அந்தப் பக்கம் உறைந்துவிடும். போன்களிலும் லூப் அந்தந்த அமைப்பின் கையில்தான் இருக்கும், நம் கையில் இருக்காது. ஆகவே கோரை ஓட்டுவது யார் என்ற கேள்விக்கு என்றைக்கும் விடை "வெளியில் இருப்பவர்" என்பதுதான்.

சுவர் உடையாமல் இருக்கிறதா என்று கம்பைலரையே காவல் வையுங்கள். கோரைத் தனி ஃபோல்டரில், தனி லைப்ரரியாக, சிமேக் என்ற பில்ட் கருவியில் அமையுங்கள். அந்த லைப்ரரிக்கு, விண்டோவும் ஒலியும் தரும் எஸ்டிஎல் போன்ற வேறெந்த லைப்ரரியின் ஹெட்டர் பாதையையும் கொடுக்காதீர்கள். யாராவது மறந்துபோய் உள்ளே ஒரு ஹெட்டரைச் சேர்த்தால் அந்த நிமிடமே கம்பைல் நின்றுவிடும்.

இன்னொன்று: கோரின் நிலை முழுவதும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் இருக்கட்டும். குளோபல் வேரியபிள்கள் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு எமுலேட்டர்களை ஓட்டிப் பார்க்க முடிந்தால் உங்கள் பிரிப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: எண்களின் அளவை நீங்களே சொல்லுங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் நெஸ் கோர் மடிக்கணினியில் சோதனைகளையெல்லாம் தாண்டியிருந்தது. அதையே ஏஆர்எம் வகை ப்ராசஸர் உள்ள ஒரு சிறிய பலகையில், லினக்ஸில், கம்பைல் செய்தேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஓட்டினால் வெறும் சாம்பல் திரை. இரண்டு நாள் வீடியோ பகுதியைக் குடைந்தேன், கோளாறு அங்கே இல்லவே இல்லை.

நெஸ்ஸின் ப்ராசஸர் 6502 குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் "பூஜ்யம் இல்லையென்றால் தாவு" என்ற கட்டளைக்குப் பின்னால் ஒரு பைட் வரும், எத்தனை பைட் தள்ளித் தாவ வேண்டும் என்று சொல்ல. அந்த பைட் குறியுள்ள எண். நேரம் கடத்தும் ஒரு சின்ன லூப்பை எடுத்துக்கொள்வோம்: எக்ஸ் ரெஜிஸ்டரில் ஒன்று குறை (1 பைட்), பூஜ்யம் இல்லையென்றால் பின்னால் போ (2 பைட்). லூப் 49152 என்ற முகவரியில் ஆரம்பித்தால், தாவல் கட்டளையைப் படித்து முடிக்கும்போது ப்ராசஸர் 49155-இல் நிற்கும். மூன்று பின்னால் போக வேண்டும். அந்த −3 நினைவகத்தில் 253 என்று இருக்கும்.

நான் அந்த பைட்டை வெறும் சார் வகை வேரியபிளில் வாங்கியிருந்தேன். என் மடிக்கணினி போன்ற எக்ஸ்86 கணினிகளில் சார் இயல்பாகக் குறியுள்ளது, ஆகவே 253 என்பது −3 ஆனது, லூப் சுற்றியது. ஏஆர்எம் லினக்ஸில் சார் இயல்பாகக் குறியில்லாதது. 253 என்பது 253 ஆகவே இருந்தது. ப்ராசஸர் பின்னால் 49152-க்குப் போகாமல் முன்னால் 49408-க்குப் பாய்ந்து, அங்கே கிடந்த ஏதோ பைட்டுகளைக் கட்டளை என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. சி மொழியின் விதிப்படி இரண்டு கம்பைலர்கள் செய்ததும் சரியே. தவறு அந்த ஒரு வரியில் இருந்தது. திருத்தம், வகையின் பெயரை மாற்றியது மட்டும்.

எனவே கோருக்குள் எண் வகைகளை எப்போதும் அகலத்தோடு எழுதுங்கள்: 8 பிட் குறியில்லாதது, 8 பிட் குறியுள்ளது, 16, 32, 64. இதற்கான தரமான பெயர்கள் சி மொழியின் எஸ்டிடிஇன்ட் ஹெட்டரில் இருக்கின்றன. லாங் என்ற வகையைத் தொடவே வேண்டாம். 64 பிட் விண்டோஸில் அது 32 பிட், 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் சார் வகையைக் குறியில்லாததாக மாற்றும் ஒரு கம்பைலர் கொடி உண்டு. அதைப் போட்டு ஒருமுறை கம்பைல் செய்து சோதித்தால் நான் இழந்த இரண்டு நாள் உங்களுக்கு மிஞ்சும்.

இதே இனத்தைச் சேர்ந்த பொறிகள் இன்னும் சில. 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்தினால் என்ன வரும் என்று சி மொழி எதுவும் உறுதி சொல்வதில்லை. ஒரு ப்ராசஸரில் பழைய மதிப்பே வரும், இன்னொன்றில் 0 வரும். மைனஸ் தசம எண்ணைக் குறியில்லாத முழு எண்ணாக மாற்றுவதும் அப்படித்தான். இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் கம்பைலர் அவற்றை முதலில் குறியுள்ள 32 பிட்டாக்கிவிடும். 65535-ஐ 65535-ஆல் பெருக்கும்போது அது நிரம்பி வழிந்து, விளைவு வரையறுக்கப்படாததாகிவிடும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜிசிசியிலும் கிளாங்கிலும் வரையறுக்கப்படாத நடத்தையைக் கண்டுபிடிக்கும் சானிடைசர் இருக்கிறது. அதைப் போட்டு எமுலேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், எந்த வரி என்று அதுவே சொல்லும்.

படி 4: பைட் வரிசை

6502 ஒரு 16 பிட் எண்ணைச் சின்ன பைட் முதலில், பெரிய பைட் அடுத்து என்று வைக்கும். இது லிட்டில் எண்டியன். சேகா மெகா டிரைவில் இருக்கும் மோட்டரோலா 68000 அதற்கு நேர் எதிர், பிக் எண்டியன். நின்டெண்டோ 64-உம் பிக் எண்டியன்தான். இன்று நம் மேசையிலும் பையிலும் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் லிட்டில் எண்டியன்.

வழி எளிது. நினைவகத்தை எப்போதும் பைட்டுகளின் அட்டவணையாகவே வைத்துக்கொள்ளுங்கள். 16 பிட் வேண்டுமென்றால் இரண்டு பைட்டுகளைப் படித்து, ஒன்றை 8 இடம் நகர்த்தி, மற்றதோடு சேருங்கள். இப்படி எழுதினால் ஓடும் கணினியின் வரிசை என்னவாக இருந்தாலும் விடை ஒன்றே. வேகம் குறையுமே என்று பயப்பட வேண்டாம். நல்ல கம்பைலர்கள் இந்த வடிவத்தை அடையாளம் கண்டு ஒரே கட்டளையாக மாற்றிவிடும். பைட் பாயின்டரை 32 பிட் பாயின்டராக மாற்றிப் படிக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். வரிசைச் சிக்கலோடு, நான்கின் மடங்கு அல்லாத முகவரியில் படிக்கும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

நின்டெண்டோ 64 ரோம் கோப்புகள் இதற்கு நல்ல பாடம். ஒரே விளையாட்டு மூன்று வரிசைகளில் உலவுகிறது. முதல் நான்கு பைட்டுகள் 128, 55, 18, 64 என்றிருந்தால் அது கன்சோலின் இயல்பான வரிசை. 55, 128, 64, 18 என்றிருந்தால் இரண்டிரண்டாக மாற்றப்பட்டது. 64, 18, 55, 128 என்றிருந்தால் நான்கு நான்காகத் திருப்பப்பட்டது. கோப்பின் பெயரில் இருக்கும் பின்னொட்டை நம்பாமல் இந்த நான்கு பைட்டுகளைப் பார்த்து, ஏற்றும்போதே ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்குப் பிறகு கோருக்குள் யாரும் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

படி 5: சேவ் ஸ்டேட்டை ஸ்ட்ரக்டாகக் கொட்டாதீர்கள்

முழு ஸ்ட்ரக்டையும் அப்படியே கோப்பில் எழுதிவிட்டால் ஒரு வரியில் சேவ் ஸ்டேட், அதாவது விளையாட்டின் அந்த நொடி நிலையைச் சேமிக்கும் வேலை, முடிந்துவிடும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 1 பைட்டும் 4 பைட்டும் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட் பெரும்பாலான கம்பைலர்களில் 5 பைட் எடுக்காது, 8 எடுக்கும். நடுவில் 3 பைட் வெற்றிடம். பிட் ஃபீல்டுகளின் வரிசை கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். பாயின்டர்கள் உள்ளே இருந்தால் அடுத்த முறை திறக்கும்போதே அவை பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக, குறித்த அகலத்தில், லிட்டில் எண்டியனில் எழுதுங்கள். கோப்பின் தலையில் ஒரு அடையாளமும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். கணினியில் சேமித்த இடத்திலிருந்து போனில் தொடர்ந்து விளையாட முடிவது இதனால்தான். வீட்டில் பாதி, பயணத்தில் பாதி என்று ஒருவர் ஒரு விளையாட்டை முடிக்கும்போது அந்த உழைப்புக்குப் பலன் தெரியும்.

படி 6: கோப்புகள்

நெஸ் ரோம்களில் பரவலாக இருக்கும் ஐநெஸ் வடிவத்தின் முதல் மூன்று பைட்டுகள் கன்சோலின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகள். நான்காவது பைட் 26. இந்த 26 என்பது பழைய கட்டுப்பாட்டு எழுத்துகளில் ஒன்று. விண்டோஸில் கோப்பை டெக்ஸ்ட் நிலையில் திறந்தால் "கோப்பு இங்கே முடிந்தது" என்று அதற்குப் பொருள். ஆகவே லினக்ஸில் ஒழுங்காக ஏறிய ரோம், விண்டோஸில் மூன்றே பைட்டோடு நின்றுவிடும். எப்போதும் பைனரி நிலையில் திறவுங்கள்.

கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸும் மேக்கும் இயல்பாகக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டுகொள்ளும். ஹெட்டர் பெயரை ஒரு இடத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் லினக்ஸில் கம்பைலே ஆகாது. அப்புறம், ஒரு ரோமுக்குத் தமிழில் பெயர் வைத்துத் திறந்து பாருங்கள். விண்டோஸில் சாதாரண ஃபைல் ஃபங்ஷன்கள் யூனிகோட் பெயர்களில் தடுமாறுவது உண்டு. நம் பயனர்கள் கண்டிப்பாக இதைச் செய்வார்கள், முதலில் நாமே செய்துவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டில் பயனர் தேர்ந்தெடுக்கும் கோப்புக்குப் பல நேரம் வழக்கமான பாதையே இருக்காது. பிரவுசரில் வழக்கமான கோப்பு அமைப்பே இல்லை. ஆனால் உங்கள் கோர் பாதை கேட்பதில்லையே, பைட்டுகளைத்தானே கேட்கிறது! இரண்டாம் படியில் எழுப்பிய சுவர் இங்கே கைகொடுக்கிறது. போனில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆப் பின்னணிக்குப் போகும் அந்த நொடியிலேயே விளையாட்டு தன் சேமிப்பை வைக்கும் கேட்ரிட்ஜின் பேட்டரி நினைவகத்தைச் சேமித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அமைப்பு உங்கள் ஆப்பைச் சொல்லாமலே நிறுத்திவிடலாம்.

படி 7: நேரமும் ஒலியும்

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இது. படம் அழகாக ஓடும், ஒலி மட்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை "டிக்" என்று வெட்டும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

வட அமெரிக்க, ஜப்பானிய நெஸ் நொடிக்குச் சுமார் 60.0988 ஃப்ரேம் காட்டும். உங்கள் திரை 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி அட்டை நொடிக்கு 48000 மாதிரி கேட்கிறது. ஒரு ஃப்ரேமுக்கு 48000-ஐ 60.0988-ஆல் வகுத்தால் சுமார் 798.7 மாதிரி. திரைக்கு ஒன்றாக 60 ஃப்ரேம் ஓட்டினால் நொடிக்கு 47921 மாதிரிதான் உருவாகும். ஒலி அட்டைக்கு 79 பற்றாக்குறை. பஃபரில் 2048 மாதிரி முன்கையிருப்பு இருந்தால் அது 26 நொடியில் தீர்ந்துபோகும். அந்த நொடியில்தான் "டிக்".

இதற்குப் பல தீர்வுகள் உண்டு. எனக்குப் பிடித்தது, பஃபர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து ஒலியின் மாதிரி வீதத்தைச் சற்றே கூட்டிக் குறைப்பது. மேலே உள்ள கணக்கில் தேவைப்படும் மாற்றம் 0.16 சதவீதம்தான், காதுக்கு அது தெரியாது. படமும் வழுக்கிக்கொண்டு ஓடும், ஒலியும் வெட்டாது. முதலில் எளிமையாக வேண்டும் என்றால் ஒலியைத் தலைவனாக்குங்கள்: பஃபர் குறையும்போது மட்டும் அடுத்த ஃப்ரேமை ஓட்டுங்கள். எப்போதாவது ஒரு ஃப்ரேம் திரையில் விடுபடும் அல்லது இரட்டிக்கும், ஆனால் வேகம் எங்கும் சரியாக இருக்கும்.

செய்யவே கூடாதது, திரை ஒருமுறை புதுப்பிக்கும்போது ஒரு ஃப்ரேம் என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டிவைப்பது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாட்டு 2.4 மடங்கு வேகத்தில் ஓடும். தூங்கும் ஃபங்ஷனையும் முழுக்க நம்ப வேண்டாம். விண்டோஸில் இயல்பான டைமர் துல்லியம் சுமார் 15.6 மில்லிநொடி, 1 மில்லிநொடி தூங்கச் சொன்னால் ஏறக்குறைய ஒரு முழு ஃப்ரேம் நேரம் போய்விடக்கூடும். 48000 என்ற எண்ணையும் நிரலில் பதித்துவிடாதீர்கள். கருவி என்ன வீதம் தருகிறது என்று கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் 44100 வரும்.

வீடியோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோர் ஒரே ஒரு பிக்சல் வடிவத்தில் கொடுக்கட்டும், தேவைப்பட்டால் முகப்பு மாற்றிக்கொள்ளும். ஒரு தளத்தில் வானம் ஆரஞ்சாகவும் முகங்கள் நீலமாகவும் தெரிந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன என்று உடனே தெரிந்துகொள்ளலாம். நெஸ்ஸின் பிக்சல் சதுரம் அல்ல, 8:7 என்ற விகிதத்தில் சற்று அகலமானது; நீட்டிக் காட்டுவது முகப்பின் பொறுப்பு.

படி 8: முகப்பைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று எஸ்டிஎல். 1998 முதல் வளர்ந்துவரும் லைப்ரரி. மூன்றாம் தலைமுறையின் நிலையான பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், சி நிரலைப் பிரவுசருக்கு மாற்றும் எம்ஸ்கிரிப்டன் வழியாகப் பிரவுசர் என்று எங்கும் ஒரே மாதிரி விண்டோ, ஒலி, ஜாய்ஸ்டிக் தரும். இன்னொன்று லிப்ரெட்ரோ. இதில் நீங்கள் கோரை மட்டும் எழுதி, அது சொல்லும் பெயர்களில் ஃபங்ஷன்களைக் கொடுத்தால் போதும். ரெட்ரோஆர்ச் போன்ற முகப்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அதன் மைய ஃபங்ஷனான ரெட்ரோ ரன் என்ன செய்கிறது தெரியுமா? ஒரு ஃப்ரேம் ஓட்டுகிறது. இரண்டாம் படியில் நாம் வரைந்த ஐந்து வாசல்களும் ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடும்.

முதலில் எஸ்டிஎல் முகப்பு ஒன்றை நீங்களே எழுதுங்கள், பிறகு லிப்ரெட்ரோவுக்குக் கொண்டுபோங்கள் என்பேன். ஒலி பஃபர் காலியாவதை ஒருமுறையாவது சொந்தக் கையால் சரிசெய்தவருக்குத்தான் அந்த அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும்.

பொத்தான்களில் இரண்டு எச்சரிக்கைகள். கீபோர்டில் எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைப் பாருங்கள், வேறு அமைப்புள்ள கீபோர்டிலும் விரல்கள் அதே இடத்தில் இருக்கும். இடது, வலது இரண்டும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் முகப்பிலேயே ஒன்றைத் தடுத்துவிடுங்கள். உண்மையான கட்டுப்பாட்டுப் பலகையில் அது நடக்காது என்பதால் சில விளையாட்டுகள் அதற்குத் தயாராக எழுதப்படவில்லை.

படி 9: ஜேஐடி இப்போதைக்கு வேண்டாம்

கன்சோலின் கட்டளைகளை ஓடும்போதே நம் ப்ராசஸரின் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் ஜேஐடி முறை வேகமானது, கவர்ச்சியானது. ஆனால் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனியாக எழுத வேண்டும். ஆப் ஸ்டோரில் வரும் ஐஓஎஸ் ஆப்களுக்குப் பொதுவாக அனுமதியே கிடையாது. 2024 ஏப்ரலில் ஆப்பிள் பழைய விளையாட்டு எமுலேட்டர்களை ஆப் ஸ்டோருக்குள் விட்ட பிறகும் அதில் மாற்றமில்லை. ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் ஒரு நினைவகப் பக்கத்தில் எழுதவும் அதையே ஓட்டவும் ஒரே நேரத்தில் முடியாது. ஏஆர்எம்மில் எழுதியபின் கட்டளை கேஷைத் துடைக்காவிட்டால் பழைய கட்டளையே ஓடும். நினைவகப் பக்கம் 4 கிலோபைட் என்று நினைத்து எழுதியவை, 16 கிலோபைட் பக்கமுள்ள ஆப்பிள் கருவிகளிலும் புதிய ஆண்ட்ராய்டு கருவிகளிலும் உடையும்.

நெஸ், கேம்பாய், மெகா டிரைவ் எதற்கும் இது தேவையில்லை. கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும் சாதாரண இன்டர்பிரிட்டரே போதும். பின்னாளில் பெரிய கன்சோலுக்கு ஜேஐடி எழுதினாலும் இன்டர்பிரிட்டரை அழித்துவிடாதீர்கள். ஜேஐடி ஓடாத தளத்தில் அதுதான் ஓடும், ஜேஐடி தவறும்போது எது சரி என்று காட்டுவதும் அதுதான்.

படி 10: எல்லாத் தளத்திலும் ஒரே விடை வருகிறதா?

ஓடுகிறது என்பது போதாது. ஒரே ரோம், ஒரே பொத்தான் பதிவு, 3600 ஃப்ரேம். அதன் முடிவில் பிக்சல் அட்டவணையின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) எல்லாத் தளத்திலும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கோருக்கு மணி தெரியாது, கோப்பு தெரியாது என்று நாம் வைத்திருப்பதால் இது சாத்தியம். திரையே திறக்காத ஒரு சின்ன முகப்பை இதற்காக எழுதி வையுங்கள். ரோமைப் படித்து, ஓட்டி, ஹாஷை அச்சிட்டுவிட்டு முடிந்துவிடும். ஐம்பது வரிக்குள் அடங்கும், இந்தப் பட்டியலிலேயே அதிகம் பயன்படப் போவதும் அதுதான்.

ஹாஷ் மாறுபட்டால் எங்கே தேடுவது? நெஸ்ஸுக்கு நெஸ்டெஸ்ட் என்ற சோதனை ரோம் இருக்கிறது. 49152-இலிருந்து தொடங்கினால் திரை இல்லாமலே ப்ராசஸரின் கட்டளைகளை வரிசையாகச் சோதிக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டர்கள் என்னவாக இருக்க வேண்டும் என்ற பதிவும் கூடவே கிடைக்கும். உங்கள் எமுலேட்டரும் அதே வடிவில் பதிவு எழுதட்டும், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். என் ஏஆர்எம் கோளாறு கடைசியில் அப்படித்தான் சிக்கியது: பின்னோக்கித் தாவும் முதல் வரி வரை எல்லாம் ஒத்துப்போயிருந்தது, அடுத்த வரியில் முகவரி 256 கூடுதலாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

ப்ராசஸர் சரியென்றால் அடுத்த சந்தேகம் தொடக்க மதிப்பு தராத நினைவகத்தின் மீது. ஒரு தளத்தில் அது பூஜ்யமாகக் கிடைக்கும், இன்னொன்றில் குப்பையோடு. கன்சோலின் நினைவகத்தைத் தொடங்கும்போதே குறித்த ஒரு மதிப்பால் நிரப்பிவிடுங்கள். அதற்கடுத்தது தசமக் கணக்கு. பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாக இணைத்துச் செய்யும் ப்ராசஸரில் கடைசி இலக்கம் மாறலாம், சைன், பவர் போன்ற ஃபங்ஷன்கள் தளத்துக்குத் தளம் சற்றே வேறுபடலாம். ஆகவே நிறங்களைக் கணக்கிட்டு உருவாக்காமல் முழு எண் அட்டவணையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வடிகட்டியைக் கோருக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

எல்லாக் கருவியும் கையில் இருக்க வேண்டியதில்லை. கிட்ஹப் போன்ற இடங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் தானாகக் கம்பைல் செய்து ஹாஷைச் சரிபார்க்கலாம். பிக் எண்டியன் கணினி இல்லையா? கியூஇஎம்யூ என்ற எமுலேட்டரில், பிக் எண்டியனான எஸ்390எக்ஸ் இயந்திரத்துக்கான நிரலை லினக்ஸிலேயே ஓட்டலாம். நம் எமுலேட்டரை இன்னொரு எமுலேட்டருக்குள் ஓட்டுகிறோம், மெதுவாக இருக்கும், ஆனால் பைட் வரிசைத் தவறு ஒன்றுகூடத் தப்பாது. இந்தச் சோதனைகளுக்கு ஆர்வலர்கள் தாமே எழுதி இலவசமாகத் தரும் ஹோம்பிரூ விளையாட்டுகளையும் சோதனை ரோம்களையும் மட்டும் பயன்படுத்துங்கள். பதிப்புரிமையுள்ள ரோமையோ பயாஸையோ (கன்சோலுக்குள் இருக்கும் தொடக்க நிரல்) உங்கள் நிரலோடு சேர்த்து வைக்கவே வேண்டாம்.

எந்த வரிசையில் போவது?

முதலில் அதே கணினியில் இன்னொரு கம்பைலர்; ஜிசிசியில் எழுதினீர்கள் என்றால் கிளாங்கில் கட்டுங்கள். அடுத்து இன்னொரு இயங்குதளம். அடுத்து ஏஆர்எம். பிறகு பிரவுசர், கடைசியாகப் போன்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு விஷயம்தான் மாறும், எனவே உடைந்தால் எதனால் உடைந்தது என்று தெரியும். ஒரேயடியாக மடிக்கணினியிலிருந்து போனுக்குத் தாவினால் ப்ராசஸர், கோப்பு, ஒலி, தொடுதிரை என்று நான்கும் ஒன்றாக மாறும், எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

பிரவுசருக்குப் போகும்போது படம் ஓடி ஒலி மட்டும் வராமல் இருந்தால் நிரலைக் கிளறாதீர்கள். பயனர் அந்தப் பக்கத்தில் எங்காவது ஒருமுறை சொடுக்கும் வரை பிரவுசர்கள் ஒலியைத் தொடங்க விடுவதில்லை. "தொடங்கு" என்று பெரிய பொத்தான் ஒன்றை வைத்து, அதை அழுத்தும்போது ஒலியைத் திறந்து, முதல் ஃப்ரேமை ஓட்டுங்கள்.